மேற்பார்வை யாருடையது?
அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மயக்க மருந்து டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் நர்ஸ்களே மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே 25 படுக்கை கொண்ட ஒரு சிறு மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நர்ஸாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் விதி மயக்க மருந்து டாக்டரைத்தான் கேட்டது என்பதே தவறு. ஆபரேஷன் செய்யும் டாக்டரின் மேற்பார்வையே அதற்குப் போதும். அந்த விதியிலிருந்தும் 2001 டிசம்பரில் முதல் மாநிலமாக அயோவா விலகிக்கொண்டது. போன ஜனவரியில் ஒரு இரவு, வெளியே பனிப்புயல், ஹெலிகாப்டர் கிளம்ப வழியில்லை. பிரசவ வலியில் இருந்த பெண்ணின் வயிற்றில் குழந்தையின் துடிப்பு அடிக்கடி இறங்கியது. அவளை உட்காரவைத்து, நர்ஸின் தோளில் தலை சாய்க்கச் சொல்லி, சிசேரியனுக்காக உடம்பை மரத்துப்போக வைக்கும் ஊசியை முதுகில் போட்டேன். பிரஷர் சரிந்தது, மருந்து கொடுத்து மேலே கொண்டுவந்தேன். ஐஸ் துண்டை வயிற்றிலிருந்து மேலே நகர்த்தி, மார்பு வரை சில்லிப்பு தெரியவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் டாக்டர் கத்தியை எடுத்தார். இதை ‘உதவியாளர் வேலை’ என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வேலைக்கு வர நர்சிங் பட்டம், ஐசியூவில் குறைந்தது ஒரு வருடம், அப்புறம் மூன்று வருடப் படிப்பு; 2022 முதல் சேருகிறவர்களுக்கு அது முனைவர் பட்டப் படிப்பு. எனக்குப் பயம் தருவது வேறு: ஏழு நாளும் இரவு பகலாக நான் ஒருத்தி மட்டுமே ஆன்-கால், அதாவது எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டியவள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.