ஃபேனைப் படம் பிடித்த மருமகன்

(மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை. மாமி தையல் மெஷினில் இருக்கிறார். மருமகன் கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போய்விட்டு, கமராவோடு வருகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நான், முருங்கைக்காய் பறிக்கிற சாட்டில். எங்கள் பக்கம் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே கடைசியில் யார் பேச்சு எடுபடும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.)

மாமி: என்ன மருமகன், முகம் கச்சான் காற்றில் காய்ந்த கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது?

மருமகன்: தாலி கட்டுகிற நேரம் பார்த்து, வார் தோளில் இருந்து வழுக்கி முழங்கைக்கு வந்துவிட்டது மாமி.

மாமி: மறுகா?

மருமகன்: மறுகா என்ன, கமரா ஒரு உலுப்பு உலுப்பியது. விரல் அமர்ந்துவிட்டது.

மாமி: படம் விழுந்ததா?

மருமகன்: விழுந்தது. நல்ல தெளிவான படம். மூன்று இறக்கை, நடுவில் பித்தளைக் குமிழ். மண்டபத்து ஃபேன்.

மாமி: ஃபேனுக்கு யாரும் தாலி கட்டவில்லைதானே?

மருமகன்: பகிடி விடாதீர்கள் மாமி. மீதிக் காசை அவர்கள் இன்னும் தரவில்லை.

மாமி: எழும்பி, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். (அளவுநாடாவைத் தோளில் வைத்து) ம்... கழுத்தடியில் இருந்து தோள் முனைக்கு நல்ல இறக்கம்.

மருமகன்: குறை என் தோளிலா?

மாமி: எல்லோருடைய தோளும் கூரைதான். நீங்கள் வாரைக் கொண்டுபோய்க் கூரையின் ஓரத்தில் தொங்கவிடுகிறீர்கள். அதுவும் நைலோன் வார், பொலியெஸ்டர் சட்டை. சித்திரை வருசத்துக்கு வழுக்குமரம் ஏறப் பார்த்ததில்லையா?

மருமகன்: பாரம் இருக்கிறதே. பெரிய லென்ஸோடு இரண்டு கிலோவுக்கு மேல் வரும். பாரம் அழுத்தினால் வார் நிற்கத்தானே வேண்டும்?

மாமி: சும்மா தொங்கும்போது நிற்கிறதா, இல்லையா?

மருமகன்: ஓம், ஓரளவுக்கு நிற்கிறது.

மாமி: எப்போது வழுக்குகிறது?

மருமகன்: கண்ணுக்குத் தூக்கும்போதுதான்.

மாமி: தூக்கினதும் பாரம் முழுக்க உங்கள் கையில். வாருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் வீட்டில் இருப்பானா? ஊர் சுற்றப் போய்விடுவான்.

(மருமகன் வாயைத் திறந்து மூடினார். ஆறு வருசமாகப் படம் எடுக்கிறவருக்குத் தோன்றாத விசயம். எனக்கும்தான் தோன்றவில்லை. ஆனால் என்னிடம் கமரா இல்லை.)

மாமி: குறுக்கே போடுங்கள். இந்தத் தோளில் இருந்து அந்த இடுப்புக்கு.

மருமகன்: பள்ளிக்கூடப் பிள்ளை தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகிற மாதிரி இருக்கும்.

மாமி: அந்தப் பிள்ளையின் போத்தல் எப்போதாவது வழுக்கி விழுந்ததா?

மருமகன்: கமராக்காரன் என்றால் ஒரு ஸ்டைல் வேண்டும் மாமி. ஒற்றைத் தோள், லேசாக ஒரு சாய்வு.

மாமி: ஓம், அந்தச் சாய்வு ஃபேனில் தெரிகிறது.

மருமகன்: ஏற்கெனவே ஒரு கமரா குறுக்கேதான் தொங்குகிறது. இது இரண்டாவது. இரண்டையும் குறுக்கே போட்டால் வாரும் வாரும் பின்னிக்கொள்ளும்.

மாமி: அப்படிச் சொல்லுங்கள், அது நியாயம். சரி, பொலிஸ்காரரின் தோளில் பொத்தானோடு ஒரு பட்டி இருக்கிறதே, அது எதற்கு?

மருமகன்: நட்சத்திரம் குத்த.

மாமி: நட்சத்திரம் பிறகு வந்தது. அந்தக் காலத்துப் படையாட்கள் மார்புக்குக் குறுக்கே வார் போடுவார்கள். அது தோளை விட்டு வழுக்காமல் இருக்கத்தான் அந்தப் பட்டியைத் தைத்தார்கள். எங்கட அப்பா காக்கிச் சட்டை தைத்தவர், சொல்லியிருக்கிறார். உங்கள் சட்டையிலும் ஒன்று வைத்துத் தரவா?

மருமகன்: வேண்டாம். பந்தியில் இருக்கிறவர்கள் பாதிச் சோற்றில் எழும்பி ஓடுவார்கள். கடையில் உட்பக்கம் றப்பர் வைத்த வார் இருக்கிறதாம்...

மாமி: அந்தக் காசுக்கு விரால் மீன் வாங்கலாம். கொல்லையில் மாமாவின் பழைய சைக்கிள் டியூப் தொங்குகிறது, எடுத்து வாருங்கள்.

(டியூப் வந்தது. மாமி அதை நீளவாக்கில் வெட்டினார். உள்ளே இருந்த வெள்ளைத் தூள் பறந்து மருமகனின் மீசையில் படிந்தது.)

மாமி: சோப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். இந்தத் தூள் போகாவிட்டால் றப்பரும் வழுக்கும்.

மருமகன்: (கழுவிக்கொண்டே) மெஷினில் றப்பர் ஓடுமா மாமி?

மாமி: ஓடாது. மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். அதனால் மேலே ஒரு பேப்பர்த் துண்டு வைத்துத் தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்து எடுக்க வேண்டும். தையலும் நீளமாகப் போக வேண்டும். நெருக்கி நெருக்கிக் குத்தினால் தபால் முத்திரை கிழிகிற மாதிரி றப்பர் கிழிந்துவிடும்.

(மெஷின் ஓடியது. தைத்து முடித்து வாரைத் திருப்பிப் பார்த்தவரின் கண் அதன் நுனியில் நின்றது.)

மாமி: மருமகன், இந்த வளையத்தில் வாரை யார் கோர்த்தது?

மருமகன்: நான்தான்.

மாமி: ஒருமுறை விட்டு இழுத்து, நுனியை அப்படியே தொங்கவிட்டிருக்கிறீர்கள். நுனியைத் திருப்பி வளையத்துக்குள் விட்டு, வாருக்கும் வாருக்கும் நடுவில் இறுக்க வேண்டாமா? இது தோளில் இருந்து வழுக்காது, மொத்தமாகக் கழன்றே விழும். வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு எங்கே?

மருமகன்: கல்லடிப் பழைய பாலத்தில். பொண்ணும் மாப்பிள்ளையும் விடியற்காலையில் வருகிறார்கள்.

மாமி: நல்லது. 1924ஆம் ஆண்டில் திறந்த பாலம், அதன் இரும்பு இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் ஒரு வளையம் ஒரு கிழமைக்குத் தாங்காது. பாலத்துக்குக் கீழே வாவியில் பாடுகிறதாம் என்கிற மீனைப் படம் எடுக்கக் கமராவைத் தண்ணீருக்குள் அனுப்பப் போகிறீர்களா?

(மருமகன் பேசாமல் நுனியைத் திருப்பிக் கோர்த்தார்.)

*

(வெள்ளிக்கிழமை பின்னேரம். அதே விறாந்தை. முருங்கைக்காய் முடிந்துவிட்டது, நான் இலை பறிக்கிறேன்.)

மாமி: வார் வழுக்கியதா?

மருமகன்: அசையவில்லை. கமராவைக் கண்ணுக்குத் தூக்கினேன், இறக்கினேன், குனிந்தேன், பாலத்துக் கம்பியில் சாய்ந்தேன். ஒட்டினது ஒட்டினபடி.

மாமி: பார்த்தீர்களா! பிறகு ஏன் அந்தத் துவாயைத் தோளில் போட்டிருக்கிறீர்கள்?

(மருமகன் துவாயை எடுத்தார். வெள்ளைச் சட்டையின் தோளில், இரண்டு விரல் அகலத்தில், கரிக்கறுப்பில் ஒரு பட்டி.)

மருமகன்: வெயில் ஏற ஏற றப்பர் கறுப்பை விட்டுவிட்டது மாமி. பொண்ணின் பாட்டி கிட்ட வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, யார் மனே மோசம் போனது என்று கேட்டா.

மாமி: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மருமகன்: ஒன்றும் சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்தேன். அவ அழத் தொடங்கிவிட்டா.

மாமி: (சட்டையைத் தொட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து) மற்றக் கமராவின் வாரையும் கழற்றிக் கொண்டு வாருங்கள்.

மருமகன்: எதற்கு?

மாமி: மற்றத் தோளிலும் ஒரு கோடு விழுந்தால் டிசைன் என்று சொல்லலாம்.