பானையை மட்டும் வைத்தால் போதுமா?

மண்பாண்ட மியூசியம் என்று சொல்லிக்கொள்ளும் பல இடங்கள்மேல் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. கண்ணாடிக்குள் அழகான ஒரு ஜாடி, கீழே காலமும் உயரமும் எழுதிய அட்டை. அவ்வளவுதான். மண்ணை மிதித்தது யார், சூளைக்கு ராத்திரி முழுக்கக் கண்விழித்தது யார் என்று ஒரு வரி இருக்காது. ஜாடி என்னமோ மரத்தில் காய்த்த மாதிரி!

ஊர்க்காரர்களே சேர்ந்து இப்படி ஒன்றைத் தொடங்கினால், முதலில் பாண்டம் செய்யும் வேலையைக் காப்பாற்றுங்கள் என்பேன். பாண்டம் காத்திருக்கும். சுட்ட மண் ஆயிரம் வருஷம் கிடக்கும். சுட்டவருக்கு அந்த ஆயுசு கிடையாது.

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில், லாங்டன் பகுதியில் கிளாட்ஸ்டோன் என்றொரு பழைய பீங்கான் ஆலை. 1960-இல் அதன் சூளைகள் அணைந்தன. பிறகு இடித்துவிடுவதாக இருந்ததைத் தடுத்து நிறுத்தி, 1975-இல் மியூசியமாகத் திறந்தார்கள். புட்டி வடிவத்தில் நிற்கும் அந்த நிலக்கரிச் சூளைகள் ஒருகாலத்தில் அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் புகைந்தவை. புகையைக் கட்டுப்படுத்த 1956-இன் தூய காற்றுச் சட்டம் வந்தது, மின்சாரமும் எரிவாயுவும் வந்தன. இன்று மிஞ்சியவை 50-க்கும் குறைவு.

ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றியதைவிட அவர்கள் 1978-இல் செய்ததுதான் பெரிய காரியம். ஓய்வுபெற்ற பழைய தொழிலாளிகளைத் தேடிப்பிடித்து, லாங்டனிலேயே ஒரு புட்டிச் சூளையைக் கடைசியாக ஒருமுறை எரித்துப் படம் பிடித்தார்கள். தீயும் புகையும் நேரே படாமல் இருக்கப் பாத்திரங்களைத் தடித்த சுடுமண் பெட்டிகளில் அடுக்குவது வழக்கம். அந்தப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு சூளைக்குள் ஏணி ஏறி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை உயரத்துக்கு அடுக்க வேண்டும். வாசலை அடைத்துத் தீ மூட்டினால் இரண்டு மூன்று நாள் எரியும். டன் கணக்கில் கரி. உள்ளே வைத்த களிமண் சோதனை வளையங்களை நடுவில் வெளியே இழுத்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து சூட்டைக் கணிப்பார்கள். இதையெல்லாம் எழுதி வைக்கலாம்தான். எப்போது கரி தள்ள வேண்டும், எப்போது காற்றைக் குறைக்க வேண்டும் என்ற நிதானம் மட்டும் அந்த ஆட்களிடம்தான் இருந்தது. இன்னும் இருபது வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?

அந்தச் சுடுமண் பெட்டிக்கு அடித்தட்டு தட்டுவதற்கென்றே ஒரு பையன் இருப்பான். ஒரு இரும்பு வளையம், அதற்குள் களிமண், மேலே மரச் சம்மட்டி. நாள் முழுக்க அதே அடி. அவன் செய்த பெட்டி கடைக்குப் போகாது, யார் வீட்டு அலமாரிக்கும் போகாது. அவனுக்கு மியூசியத்தில் இடம் இல்லையென்றால் அந்த மியூசியம் எதற்கு?

அழகில்லாத சரக்குக்கும் இதே கதிதான். செங்கல், ஓடு, சாக்கடைக் குழாய், கழிப்பறைப் பீங்கான். ஊரே இதில்தான் சோறு தின்றிருக்கும். காட்சிக்கு வைக்க மட்டும் கூச்சம். கிளாட்ஸ்டோனில் கழிப்பறைகளுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. ஜப்பானில் மண்பாண்டத்துக்குப் பேர்போன தோகோனாமே ஊரில் மண்குழாய்களையும் சாராய ஜாடிகளையும் அடுக்கியே ஒரு சரிவுப் பாதைக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 1887-இல் கட்டி 1974 வரை எரிந்த, சரிவில் படிப்படியாக ஏறும் படிக்கட்டுச் சூளையும் அங்கே பத்துப் புகைபோக்கிகளோடு அப்படியே நிற்கிறது.

நோயைப் பற்றிப் பேசினால் சிலர் முகம் சுளிப்பார்கள், பெருமை பேச வந்த இடத்தில் இது எதற்கு என்று. பளபளப்புப் பூச்சில் இருந்த ஈயம், நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி, இவற்றால் எத்தனை பேர் படுக்கையில் விழுந்தார்கள்! அதை மறைத்துவிட்டு வைக்கும் தேநீர்க்கோப்பை வெறும் விளம்பரம்.

இடம் கிடைக்கட்டும், நிதி வரட்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. அதெல்லாம் பிறகு வரட்டும். சக்கரத்தையும் சூளையையும் விட்டு ஒதுங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். போனை ஆன் செய்து அவர் முன்னால் வைத்துவிட்டு, "சூளை வெந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த மத்தியானத்துக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.