சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், வடமேற்கே டார்கைன் காட்டுப் பக்கம் நான் அடிக்கடி ஃபோர் வீல் டிரைவ் எடுத்துக்கொண்டு போகிற ஒரு தடம், முன்பு ஒரு வண்டி அகலம்தான் இருந்தது. இந்த முறை பார்த்தால் மூன்று வண்டி அகலம். காரணம் மழை இல்லை, நாம்தான். நடுவில் சேற்றுப் பள்ளம் இருந்தால் ஓரமாக ஒதுங்கிப் போகிறோம், அந்த ஓரமும் குழியானதும் அடுத்து வருகிறவர் இன்னும் தள்ளிப் புல்லில் ஏறுகிறார். அந்தப் பட்டன்கிராஸ் புல்வெளிக்கு அடியில் இருப்பது, செடிகொடிகள் மட்கிச் சேர்ந்த கறுப்பு மண். ஒருமுறை சக்கரம் கிழித்தால் லேசில் ஆறாது.

பள்ளத்தின் நடுவில்தான் போக வேண்டும், முடியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை.

சேறும் சும்மா சேறு இல்லை. ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் நோய் டயரில் ஒட்டிய மண்ணோடுதான் புது இடத்துக்குப் போகிறது, அங்குள்ள புதர்ச்செடிகளைக் கொல்கிறது. அதனால் கிளம்பும் முன்பே சக்கரம், மட்கார்டு, அடிப்பாகம் எல்லாவற்றையும் மண் போகக் கழுவிவிடுங்கள். அப்புறம் வின்ச், அதாவது மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் கருவி. அந்தக் காட்டு மிர்ட்டில் மரத்தில் இரும்புக் கயிற்றை நேராகச் சுற்றி இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பட்டை உரிந்த இடம் வழியாகத்தான் மிர்ட்டில் வாடல் நோய்ப் பூஞ்சை உள்ளே நுழைகிறது. நூற்றாண்டுகள் நின்ற மரம் அது! மரத்தைச் சுற்றிக் கட்ட அகலமான பெல்ட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள எவ்வளவு ஆகிவிடும்?

அங்கே மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஆர்தர்-பைமன் காப்புப் பகுதித் தடங்களில் ஓட்டப் பூங்காத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடற்கரையில் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்ட சிப்பி மேடுகள் இருக்கின்றன, 2013-இல் அந்தக் கடற்கரைப் பகுதி ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அனுமதியை வெறும் தொல்லை என்று நினைக்கிறவர்கள் அந்த மேடுகளை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

ஓட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். டயர் காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியரில்) சீராகப் போங்கள், நடுவில் ஆக்சிலேட்டரை மிதித்து உறும வேண்டாம், சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழிதான் ஆழமாகும். அங்குள்ள தண்ணீர் டிகாஷன் நிறம், அடி தெரியாது, முதலில் இறங்கிக் கம்பு விட்டுப் பாருங்கள். இந்த முறை நான் விட்ட கம்பு இடுப்பளவு போயும் தரை தட்டவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கொரின்னா என்ற சிற்றூருக்கு வந்து, பைமன் ஆற்றங்கரையில் டீ போட்டுக் குடித்தோம், மழை நிற்கவே இல்லை.