ஒட்டுக்குக் கீழே இருக்கும் மரம்

சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்கியவர்கள் யாராவது, ஒட்டுக்குக் கீழே இருப்பது என்ன மரம் என்று கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் பாலை. நர்சரியில் பாலா என்பார்கள். பாலைக் கன்றோடு சப்போட்டாக் கிளையைச் சேர்த்துக் கட்டி, ஒட்டிக்கொண்டதும் பாலையின் தலையை வெட்டிவிடுவார்கள்.

எங்கள் கொல்லையில் அப்படி ஒரு சப்போட்டா நின்றது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் ஒட்டோடு முறிந்துவிட்டது. கொஞ்ச நாளில் அடிக்கட்டையிலிருந்து வேறு மாதிரி துளிர் வந்தது. சின்ன இலை, தடிப்பாக, கரும்பச்சையாக, நுனியில் நகத்தால் கிள்ளி எடுத்தது போல ஒரு பள்ளம். காம்பை ஒடித்தால் பால். "வெட்டிடாதடா, இது கோடியக்காட்டுப் பாலை" என்றார் அம்மா.

1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமாக்கிய கோடியக்கரைக் காட்டின் முக்கிய மரமே பாலைதான். சோழமண்டலக் கரையோரம் பரவிக் கிடந்த அந்த உலர் பசுமைமாறாக் காடு, இன்று அங்கேயும் புதுக்கோட்டை, கடலூர்ப் பக்கத்துக் கோயில் காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் மிச்சம். உப்புக்காற்றிலும் மணலிலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம். கட்டை அவ்வளவு வைரம், உலக்கைக்கும் செக்குக்கும் என்றே வெட்டித் தீர்த்தோம். போதாததற்கு இப்போது காட்டுக்குள் சீமைக்கருவேலம் ஏறுகிறது.

சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் சவுக்கு வைத்தார்கள். சவுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, சீக்கிரம் வளரும், நாலு காசு கிடைக்கும், சரி. ஆனால் கஜாவுக்குப் பிறகு ஊருக்குள் இலவசக் கன்று கொடுத்தபோது பாலை இருக்கிறதா என்று கேட்டேன், "அது வளர ரொம்ப நாளாகும் சார்" என்று பதில் வந்தது. நாளாகும்தான். அதற்காக வைக்காமலே விட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு எந்தப் பாலை இருக்கும்?

கன்று வளர்க்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒட்டுக்கட்டுவதற்காகவே வளர்க்கிறோமே! நூறு கன்றில் பத்தைத் தலை வெட்டாமல் பாலையாகவே கொடுங்கள் என்றுதான் நர்சரிக்காரர்களிடம் கேட்கிறேன். கோயில் வெளியிலும் குளத்து மேட்டிலும் வைக்க இடமா இல்லை?

பழம் பறிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. அந்த மஞ்சள் பழத்தின் ருசியும், தின்றபின் உதடு பிசுபிசுவென்று ஒட்டுவதும் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்காகக் கிளையை ஒடிக்காதீர்கள். போன சீசனில் சந்தையில் ஒரு பாட்டியிடம் படிக்கணக்கில் வாங்கித் தின்று, கொட்டைகளை ஊன்றி வைத்தேன். பதினொன்று பிழைத்து, இப்போது ஒரு சாண் உயரம். வேதாரண்யம் பக்கம் இடமும் தண்ணீரும் இருப்பவர்கள் சொல்லுங்கள், மழைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.