வயிறு நிறைந்த மரம் பூக்குமா?

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், தை மாதக் கடைசியில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏங்க்கா, உங்க வீட்டுச் செடிக்கெல்லாம் தண்ணியே ஊத்த மாட்டீங்களா? பார்க்கவே பாவமா இருக்கு."

அவள் பார்த்தது எங்கள் மதில்மேல் கிடக்கும் காகிதப்பூச் செடியை. அப்போது அது பாதி இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் குச்சியுமாக நின்றது. இப்போது மாசி முடியப்போகிறது. அதே செடியில் இலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதில் முழுக்க ராணி கலர். நேற்று அவளே வந்து ஒரு குச்சி ஒடித்துத் தரச் சொன்னாள். மழைக்காலத்தில் பதியன் போட்டுத் தருகிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் பேச்சு கேட்க வேண்டும் என்றேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் செடி வைத்திருப்பவர்களில் பலருக்கு மாசியில் பூ வராததற்குக் காரணம், அவர்கள் பாசத்தோடு தினமும் ஊற்றும் தண்ணீர்தான். இது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆறு பெரும்பொழுது படித்திருப்போம். மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். பெயரைக் கேட்டால் சித்திரையில்தான் பூ குலுங்க வேண்டும்போலத் தோன்றும். எங்கள் ஊரில் சித்திரையில் மண் அடுப்புமாதிரிச் சுடும். இங்கே வசந்தம் வருவது பின்பனியில்தான். விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வையை விட மனசு வராது, பதினொரு மணிக்குக் குடை இல்லாமல் சந்தைக்குப் போக முடியாது. இரவில் குளிர், பகலில் வெயில், மண்ணில் ஈரமில்லை. இந்த மூன்றும் கூடும் ஏழெட்டு வாரம்தான் எங்களுக்கு வாய்த்த வசந்தம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அத்தை, அதாவது மாமியார். காரிமங்கலம் பக்கத்துக்காரர். நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த வருஷம், சந்தூரிலிருந்து ஒரு செந்தூரா ஒட்டுக்கன்று வாங்கிவந்து நட்டோம். மாங்கன்று என்றால் எங்கள் பக்கத்தில் சந்தூர்தான். நாலாவது வருஷம் மரம் ஆள் உயரத்தைத் தாண்டி நன்றாகக் கிளைத்திருந்தது. இந்த வருஷம் காய்க்கும் என்று எனக்கு ஒரே ஆசை. மார்கழி, தை இரண்டு மாதமும் சாயங்காலம் தவறாமல் இரண்டு குடம் ஊற்றினேன். பலன், கொத்துக் கொத்தாகத் தாமிர நிறத்தில் தளிர். அழகுதான், ஆனால் ஒரு பூ இல்லை. தெருவில் மற்ற எல்லா மாமரமும் பூத்துக் கிடந்தது. ஊரிலிருந்து வந்த அத்தை மரத்தைச் சுற்றிப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு வேளையும் சோறு போட்டா அது தூங்கத்தான் செய்யும். வயிறு ரொம்பின மரம் எதுக்குப் பூக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவப் போய்விட்டார்.

அப்போது கோபம்தான் வந்தது. பிறகு படித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. மாமரத்தின் கிளை நுனி ஒவ்வொன்றும் அடுத்து தளிர் விடுவதா, பூ விடுவதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் தளிர். இரவுக் குளிரும் வேரில் வறட்சியும் சேர்ந்து வளர்ச்சியைச் சில வாரம் நிறுத்திவைத்தால், அந்த ஓய்வில் இருக்கும் முற்றிய நுனி பூங்கொத்தாக வெளியே வரும். தோப்புக்காரர்கள் சிலர் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தைப் புரட்டாசி வாக்கில் வேருக்கு ஊற்றுவதும் இதற்காகத்தான். அது மரத்தை வளரச் சொல்லும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனைக் கட்டிப்போடுகிறது. ஒற்றை மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அது எதற்கு? குழாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், செலவும் இல்லை.

2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது மாமரங்களுக்குத் தெரியாது. தை முடிகிற சமயம் காரிமங்கலம் தாண்டிக் காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். இருட்டில் மரம் தெரியாது, வாசனை தெரியும். தேனும் கொஞ்சம் புளிப்பும் கலந்தமாதிரி ஒன்று. மல்லிகைமாதிரித் தூக்கிப்போடாது, ஆனால் மைல் கணக்கில் கூடவே வரும்.

மாம்பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சற்றுப் பெரிது. பெரும்பாலானவை ஆண் பூ, காய்க்காது. இருபால் பூக்களிலும் நூற்றில் ஒன்றுகூடக் கடைசிவரை நிற்பதில்லை. காம்பு செந்தூரம் போலச் சிவந்திருக்கும். இதழ் வெளிர் மஞ்சள். நடுவில் ஆரஞ்சுக் கோடு, அது நாளாக நாளாகச் சிவக்கும். இந்தக் கொத்தில் முக்கால்வாசி வேலை பார்ப்பவை ஈக்கள். தேனீயைவிட ஈதான் அதிகம் வரும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருமுறை, மரத்தில் ஈ மொய்க்கிறது, வீட்டுக்குள் வருகிறது என்று பூ முழுக்க மலர்ந்திருந்த சமயத்தில் பூச்சிமருந்து அடித்தார். அந்த வருஷம் அவருக்கு ஊறுகாய்க்குக்கூடக் காய் தேறவில்லை. அதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறேன். தத்துப்பூச்சி பிடித்து இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆனால் மருந்து வேண்டியிருக்கும்தான். அதைப் பூ விரிவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மல்லிகைக்கும் கிட்டத்தட்ட இதே கதை. எங்கள் வீட்டில் குண்டுமல்லி நாலு செடி. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். இலை பழுத்துத் தொங்க ஆரம்பித்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையையும் உருவி, தொழுஉரம் போட்டுப் பிறகுதான் தண்ணீர். முதல் வருஷம் கத்தரியை எடுத்தபோது கை நடுங்கியது. வெட்டிய பிறகு பார்த்தால் துடைப்பக்கட்டையை மண்ணில் குத்திவைத்தது போல இருக்கும். எழவு விழுந்த வீடுபோல ஆகிவிட்டது தோட்டம் என்றார் என் வீட்டுக்காரர். மாசி நடுவில் தளிர்ப் பச்சைக்கு நடுவே முதல் மொட்டு. பங்குனியிலிருந்து ஆடிவரை தலைக்கும் சாமிக்கும் கடையில் வாங்குவதில்லை. மொட்டு வெள்ளையாக இல்லாமல் ஊதா ஓடி, பக்கத்தில் சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைக்காமல் பறித்து நசுக்கிவிடுங்கள்.

வத்தல்மலைக்குப் போய்வந்தவர்கள் அங்கே காபிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். மொட்டு கட்டிய பிறகு அது வாரக்கணக்கில் வறட்சியில் அப்படியே உறங்கும். கோடையின் முதல் நல்ல மழை விழுந்து பத்து நாளுக்குள் மலைச்சரிவு மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகும், மல்லிகை போல மணக்கும். மொட்டு ஒன்றாக விழித்துக்கொள்ள அந்தக் காய்ச்சலும் வேண்டும், பிறகு வரும் மழையும் வேண்டும். நடுவில் எவராவது பாவம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால், பூவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிறம் என்றாலே பூ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போது ஓர் இலைகூட இல்லாத புரச மரம் காட்டோரம் நெருப்புமாதிரி நின்றால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறோம், சரி. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் புங்கையை யார் பார்க்கிறோம்? மாசியில் அது இலையைக் கொட்டியதும், வாசல் பெருக்குகிறவர்கள் திட்டுவார்கள். எண்ணிப் பத்து நாளில் கண்ணைக் கூசவைக்கும் இளம்பச்சையில் புது இலை. அரசந்தளிர் வெயிலுக்கு எதிரே பார்த்தால் ரோஸ் நிறம். வேப்பந்தளிர் கருஞ்சிவப்பு. அதன் பூ வந்ததும் உதிரும்முன் கீழே பழைய சேலையை விரித்துவைத்துச் சேகரித்துக்கொள்வேன், வருஷப்பிறப்புப் பச்சடிக்கும் ரசத்துக்கும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் உகாதிக்கே அது தேவைப்படும். இந்தத் தளிர் நிறங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. நான் ஊற்றாமல் விட்ட தண்ணீருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை, தெரு மரத்துக்கு யார் ஊற்றினார்கள்?

இப்போது கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஓசூர் ரோட்டில் வரிசையாகக் கன்று விற்கும் இடங்களில் தை மாதம் டயாந்தஸ், பெட்டூனியா, சால்வியா என்று பை பையாக அடுக்கியிருப்பார்கள். நானும் மயங்கியிருக்கிறேன். ஒரு வருஷம் நாற்பது பை வாங்கிவந்து வாசலில் வட்டம் வட்டமாக நட்டேன். மூன்று வாரம் படம் எடுத்துப் போட்டு நல்ல பெயர் வாங்கினேன். பங்குனி முதல் வாரத்தில் எல்லாம் அப்பளம். விற்றவர்மேல் குற்றமில்லை, அவை குளிருக்கு உரிய செடிகள். தளி, பாகலூர், பேரிகைப் பக்கம் பிப்ரவரி பதினாலுக்காகப் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறார்கள், அது அவர்கள் தொழில். ஓசூரின் உயரமும் குளுமையும் சொட்டுநீரும் அதற்குத் துணை. தருமபுரிச் செம்மண்ணில், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில், அந்தப் படத்தை அப்படியே வாசலில் ஒட்டப் பார்த்தது என் பேராசை.

தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் லேசான பேச்சில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருந்து பல்லில் கறை விழுந்த தலைமுறை நாங்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் குடிக்க ஆற்றுத் தண்ணீர் கிடைத்தது. அந்தத் தண்ணீரைப் பெட்டூனியாவுக்கு ஊற்றும்போது அத்தை பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம் விடுங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாச் செடியையும் காயப்போட்டு என்னைத் திட்டாதீர்கள். செம்பருத்திக்குத் தாகம் தாங்காது, மொட்டெல்லாம் உதிரும், மாவுப்பூச்சியும் வந்து உட்காரும். ரோஜா, கனகாம்பரம், தொட்டியில் இருப்பவை எல்லாம் வழக்கம்போலத்தான். நட்டு இரண்டு வருஷம் ஆகாத எந்தக் கன்றையும் பட்டினி போடக் கூடாது, அது பூக்காது, செத்துப்போகும். எலுமிச்சையை இலை லேசாகத் துவளும்வரை விட்டு, பிறகு எரு வைத்து வயிறு நிறைய ஊற்றினால் பூக்கும். ஆனால் அந்த 'லேசாக' எவ்வளவு என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மரம் செலவானது. காகிதப்பூ இருப்பதிலேயே கெட்டிக்காரச் செடி. எவ்வளவு கவனிக்காமல் விட்டாலும் சந்தோஷமாக இருக்கும். அந்த ராணி கலரும் பூ அல்ல, பூவைச் சுற்றிய இலைதான். நடுவில் குண்டூசித் தலைமாதிரி வெள்ளையாக இருப்பதுதான் அசல் பூ.

அப்புறம், நிறுத்துவதைவிடத் திரும்ப ஊற்றத் தொடங்கும் நாள்தான் முக்கியம். மாமரத்தில் பூ இருக்கும்போது ஊற்றினால் பழைய புத்தி வந்து தளிர் தள்ளும். பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகும் ஊற்றாவிட்டால் மொத்தமும் உதிர்ந்துவிடும். தினமும் காலையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. அத்தை இருந்தவரை அவர் பார்த்தார். இப்போது நான் பார்க்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு.

இன்று காலை தாழ்ந்த கிளையில் ஒரு பிஞ்சைக் கையில் வைத்துப் பார்த்தேன். கோலிக்குண்டுக்கு இன்னும் ஒரு நூல் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலை குழாயைத் திறக்கப்போகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணை வேடிக்கை பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.