வள்ளுவர் உட்கார்ந்தால் என்ன?

நேற்று நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். கண்காட்சி வாசலில் பிள்ளைகள் செய்து வைத்திருந்த வள்ளுவர் சிலையைச் சாயங்காலமே சாக்கு போட்டு மூடி, ராத்திரியோடு பிரித்து எடுத்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்தார், அதுதான் குற்றம். பீடத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, சுவடியை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அது அவமதிப்பாம்.

உட்காருவது எப்படி அவமதிப்பாகும்? வேணுகோபால் சர்மா வரைந்த வள்ளுவர் சம்மணமிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறார்? அந்தப் படத்தை நாம் பள்ளிக்கூடத்தில் மாட்டி வைக்கவில்லையா?

என் அப்பா, கன்னியாகுமரிப் பக்கம் சிற்பிகள் ஊரான மயிலாடியில் கல் கொத்தியவர். 2000 ஜனவரி 1-ல் கன்னியாகுமரிக் கடல் பாறையில் வள்ளுவர் சிலை திறந்து கொஞ்ச நாளில் என்னைப் படகில் கூட்டிப்போனார். 38 அடி பீடம் ஏறினோம். அதற்கு மேல் 95 அடி வள்ளுவர். அப்பா அண்ணாந்து பார்க்கவே இல்லை. குனிந்து, கால்விரல் நகத்தைக் கட்டைவிரலால் தடவி, கல்லும் கல்லும் சேர்கிற இடத்தைத் தேடினார். சிலையை வடித்த கணபதி ஸ்தபதியை மனசாரப் புகழ்ந்தார். அப்புறம் கேட்டார்: "மக்ளே, இப்படி இடுப்ப ஒடிச்சு நின்னுட்டே இருந்தா இவருக்குக் கால் கடுக்காதா?"

அப்பாவுக்கு மரியாதை தெரியாதா? நேற்று அந்தப் பிள்ளைகள் கேட்டதும் அதே கேள்விதான்.

"வேறு யாரையாவது இப்படிச் செய்வார்களா?" என்று கேட்கிறவர்களுக்கு: இவர் நம்மவர் என்பதால்தான் செய்தார்கள். அனுமதி வாங்கவில்லை என்கிறார்கள். சரி, அது தப்புதான், வாங்கியிருக்கலாம். ஆனால் கடற்கரைக் கடையில் வள்ளுவரைச் சாவிக்கொத்தில் தொங்கவிட்டு விற்கும்போது யாருக்கும் மனசு புண்படவில்லையே. காசுக்கு விற்றால் மரியாதை, பாசத்தில் செய்தால் அவமதிப்பா?

அந்தப் பிள்ளைகள் அதைக் காகிதக் கூழில் செய்திருந்தார்கள். கடல் உப்பு கல்லை அரிக்காமல் இருக்க, நாலு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய சிலை முழுக்கக் காகிதக் கூழ் பூசித்தான் உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அது தெரிந்துதான் கூழைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு பெண்பிள்ளை என்னிடம் சொன்னாள். சிலையை இவ்வளவு அறிந்தவளிடம் போய் மரியாதையைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். எனக்கு அடிவயிறு எரிகிறது. மயிலாடியில் உளிச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. கையில் ஆசை உள்ள பிள்ளைகளையும் விரட்டிவிட்டால் நாளைக்கு யார் கொத்துவார்கள்?

ராத்திரி அவள் வள்ளுவரின் தலையை மட்டும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். தாடி ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. வீடு சேருகிற வரைக்கும் அதைக் கையால் அமுக்கிப் பிடித்திருந்தாளாம்.