சீனி கேட்டா மரச்சீனி வந்துச்சு, செரி. அது சானலுக்கு எதுக்குப் போச்சு?

அந்த வீடியோவ எல்லாரும் பாத்தாச்சு. நானும் பாத்தேன், நானும் சிரிச்சேன். மளிகை ஆப்புல சீனி 5 கிலோ கேட்டவங்க வீட்டு நடையில மண்ணு ஒட்டின மரச்சீனிக் கிழங்கு, அதான் மரவள்ளி, 5 கிலோ. "டீயில ஒரு துண்டு போட்டுக் கலக்கிக் குடி மக்கா"ன்னு கீழ ஒருத்தர் எழுதியிருந்தது நெசமாவே நல்ல தமாஷ். அது வரைக்கும் எனக்கு யார்கிட்டயும் சண்டை இல்ல. வீடியோ போட்டவங்களே, கடைசியில அதப் பையோட கொண்டுபோயி சானல்ல, அதான் வாய்க்கால்ல, கவுத்துனீங்களே, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

"தோலுரிச்சு ஃப்ரீசர்ல போட்டிருக்கலாமே"ன்னு ஒரே ஒரு வரி எழுதினேன். "வந்துட்டாருப்பா கிழங்கு டாக்டர்"னு பதில். செரி, டாக்டர்னே வச்சுக்குவோம். ஃபீஸ் வாங்காமலே சொல்லுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

ஆப்புல இருக்குற தேடுற பெட்டிக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில்நாட்டுப் பேச்சும் தெரியாது, விளவங்கோட்டுப் பேச்சும் தெரியாது. எழுத்து ஒத்துப்போனா கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான். சீனின்னு அடிச்சா சீனி வரும், சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) வரும், மரச்சீனியும் வரும். படத்தப் பாக்காம மேல நிக்கிறத அமுக்குனா கிழங்கு வீட்டுக்கு வரத்தான் செய்யும். நம்ம ஊருக்காரங்களுக்கு இது இன்னும் மோசம். பாயசத்துக்குச் சர்க்கரைன்னு நாம வெல்லத்தச் சொல்லுவோம், வர்றது வெள்ளைச் சீனி. தீயல் குழம்புக்கு உள்ளி, அதான் சின்ன வெங்காயம், வேணும்னு வெறும் வெங்காயம்னு தேடினா பெரிய பல்லாரி வந்து நிக்கும். கொத்தமல்லி கேட்டா இலையா விதையாங்கிறது அன்னைக்கு எடுத்து வைக்கிறவர் மனசப் பொறுத்தது.

அடுத்தது ஆப்புல பொருளுக்குப் பக்கத்துல நிக்கிற அந்தக் கூட்டல் குறி. அது எண்ணுறது பாக்கெட்ட. ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) நாலு வேணும்னு நாலு தடவ அமுக்கினா நாலு பாக்கெட் வரும், பாக்கெட்டுக்கு எத்தனன்னு சின்ன எழுத்துல கீழ கிடக்கும். 'பழைய ஆர்டர மறுபடி போடு'ங்கிற பொத்தான் இன்னும் ஆபத்து. போன மாசம் விசேஷத்துக்கு வாங்கின 15 தேங்காய் இந்த மாசமும் வாசல்ல நிக்கும். 'இது இல்லேன்னா வேற அனுப்பலாம்'ங்கிற கட்டத்துல டிக் இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்கிடுங்க.

இதுல எதுலயாவது பை கொண்டுவந்த பையனுக்குப் பங்கு இருக்கா? கிடங்குல ஒருத்தர் எடுத்து வச்சு, ஒட்டி, நம்பர் போட்டுக் குடுக்குறத அவன் தூக்கிட்டு வாறான். ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுப் பை கொண்டுவந்தா மாறிப்போக வாய்ப்பு உண்டு, பைமேல இருக்குற நம்பரப் பாத்தா அது வாசல்லயே தெரிஞ்சிரும். அவன நிக்க வச்சு "சீனிக்கும் கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாதா"ன்னு கேட்டு வீடியோ எடுத்தது எனக்குச் சிரிப்பு வரல்ல. பொருளையும் ஸ்டிக்கரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்து அன்னைக்கே புகார் போட்டா போதும். காய்கறியப் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டாங்க, பணத்தப் போட்டுருவாங்க. உங்களுக்கும் பணம் வந்துட்டுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ அந்தக் கிழங்கு ஓசி. ஓசியா வந்த 5 கிலோ கிழங்கு. அதத்தான் சானல்ல கவுத்தீங்க.

இனி கிழங்கு விஷயம். மரச்சீனி மண்ணுல இருந்து புடுங்கினா ரெண்டு மூணு நாள்தான். அதுக்கப்புறம் உள்ள நீலமும் கருப்புமா வரி ஓடும். வெட்டுப்பட்ட இடத்துல காத்து பட ஆரம்பிச்சதும் கிழங்கு தனக்குள்ளயே கெடத் தொடங்கும். கிடங்குல எத்தன நாள் கிடந்துச்சோ, அதனால வந்த அன்னைக்கே வேலைய முடிக்கணும். மேல் தொலி மட்டும் சுரண்டினா போதாது. நீளவாக்குல கத்தியால ஒரு கீறு போட்டு, உள்ள இருக்குற தடிச்ச தோலையும் சேத்து உரிச்சு எடுக்கணும், விஷச்சத்து அதுலதான் அதிகம். நடு நாரையும் எடுத்துருங்க. 5 கிலோவுல தோலும் முனையும் போக 4 கிலோ பக்கம் தேறும்.

அன்னைக்குத் திங்க 1 கிலோ. நிறைய தண்ணியில, மூடி போடாம, உப்பு போடாம கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிருங்க. அடுத்த தண்ணியில உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைங்க. குக்கர்ல அடச்சு வச்சு அதே தண்ணியிலயே மசிக்கிறது தப்பு, அந்த விஷம் வெளிய போக வழியிருக்காது. அரைமூடித் தேங்காய், பச்சமிளகாய் 4, வெள்ளைப்பூடு 3 பல், சீரகம் அரை ஸ்பூன், இத ஒண்ணும் பாதியுமா அரச்சுப் போட்டு மசிச்சு மயக்கி எடுங்க. சாளை மீன் கறி பக்கத்துல இருந்தா அதுக்குமேல நான் ஒண்ணும் சொல்லவேண்டாம். ஒண்ணு மட்டும்: வெந்த துண்டு கசந்தா துப்பிருங்க, மிச்சத்தையும் குழியில போட்டு மூடுங்க. அந்த ஒரு காரணத்துக்குக் கொட்டினா நானே உங்க பக்கம்.

ரெண்டு இஞ்சுத் துண்டா வெட்டி, கழுவி, ஈரம் துடச்சு, அரைக்கிலோ அரைக்கிலோவா கவர்ல பரத்தி ஃப்ரீசர்ல வச்சா மாசக்கணக்குல இருக்கும். எடுத்ததும் நேரா கொதிக்கிற தண்ணியில போடணும். வெளிய வச்சு உருகவிட்டா சொதசொதன்னு ஆயிரும்.

வெயில் காலம்னா வாட்டுக்கிழங்கு போடுங்க. கால் இஞ்சு கனத்துக்கு வில்லை வெட்டி, கொதிக்கிற தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டு, பாதி வேக்காட்டுல அள்ளி, பாயில ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரத்தணும். மூணு நாலு நல்ல வெயில். ஒடிச்சா டப்புன்னு ஒடியணும், வளஞ்சா இன்னும் ஈரம் இருக்கு, அத டப்பாவுல அடச்சா பூசணம் பிடிக்கும். கனமா வெட்டினா மேல காஞ்சு உள்ள ஈரம் நிக்கும். ரொம்ப வேகவிட்டா பாயோட பாயா ஒட்டும். 4 கிலோ போட்டா ஒண்ணரைக் கிலோ பக்கம் கிடைக்கும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஆடிச் சாரல்ல இந்த வேலைக்கு இறங்காதீங்க, அப்போ ஃப்ரீசர்தான்.

இனி எனக்கு வந்த பதில்களுக்கு வாறேன். "என் காசு, என் கிழங்கு, நான் கொட்டுவேன்." உங்க காசுதான் திரும்பி வந்தாச்சே. சானல் யாரோடது? அந்தத் தண்ணி கீழ வயலுக்குப் போகுது.

"வேலைக்குப் போற பொம்பளைக்குக் கிழங்கு உரிக்க நேரம் எங்க?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கிடுறேன். பழகின கைக்கே 5 கிலோ உரிக்க அரைமணி நேரம் ஆகும். பொம்பளதான் உரிக்கணும்னும் நான் சொல்லல்ல, வீடியோ எடுத்த கை சும்மாதானே இருந்துச்சு? பாட்டு சேத்து, எழுத்து ஓடவிட்டு, வந்த கமெண்டுக்கெல்லாம் பதில் போட அரைமணி நேரத்துக்கு மேலதான் ஆயிருக்கும். அதுவும் வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காகிட்ட "கிழங்கு வேணுமா"ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நம்ம பக்கம் வேண்டாம்னு சொல்லுற வீடு எது?

"பன்னிக்குப் போட வேண்டியத மனுஷனுக்குச் சமைக்கச் சொல்லுறாரு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். பச்ச மரச்சீனித் தோலையும் இலையையும் தின்னா ஆடு மாடே செத்துப்போகும், அது முதல்ல தெரிஞ்சுக்கிடுங்க. ரெண்டாவது, அந்த வரி என்னை ராத்திரி தூங்கவிடல்ல. அதே 5 கிலோ உருளைக்கிழங்கு வந்திருந்தா யாராவது சானலுக்குக் கொண்டுபோவாங்களா? மாட்டாங்க. மரச்சீனின்னா இல்லாதவன் தின்னுறதுன்னு ஒரு நினைப்பு. மகாராஜா விசாகம் திருநாள், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூர ஆண்டவர், பஞ்சத்துக்குக் கைகொடுக்கும்னு இந்தக் கிழங்கப் பயிர் பண்ணச் சொல்லி ஊக்கம் குடுத்தார். 1942-ல பர்மா ஜப்பான்காரன் கையில போயி அரிசி வரத்து நின்னப்போ திருவிதாங்கூர் உலையில வெந்தது இதுதான். அப்போ நம்ம மாவட்டத்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகா எல்லாம் திருவிதாங்கூர்தானே, 1956 நவம்பர் 1-க்கு அப்புறம்தானே தமிழ்நாடு. பன்னிக்குப் போடச் சொன்னவரோட பூட்டனும் பூட்டியும் அந்த வருஷங்கள்ல என்னத்தத் தின்னு உயிரோட இருந்தாங்கன்னு வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாக்கட்டும். இதே கிழங்க மசாலா தூவி, மினுக்குற பாக்கெட்டுல அடச்சு வித்தா அன்னைக்கு யாரும் சானலுக்குப் போகமாட்டீங்க.

கோவமாத்தான் எழுதிட்டேன், இருக்கட்டும்.

வாட்டுக்கிழங்க எப்படிச் சமைக்கிறதுன்னு இன்பாக்ஸ்ல கேட்ட ரெண்டு பேருக்கு: முந்தின ராத்திரியே ஊறப்போடணும். காலையில ஊறின தண்ணிய ஊத்திட்டு, புதுத் தண்ணியில வேகவச்சு, அதையும் வடிக்கணும். உப்பு கடைசியில. காலையில எழும்பி "இன்னைக்குக் கிழங்கு"ன்னு நினைச்சா நடக்காது, அன்னைக்கு தோசைதான்.